திறந்து கிடந்த பக்கங்கள்

முதல் இணையதளத்தின் பழைய பிரதி ஒன்றை செர்ன் ஆய்வுக்கூடம் இன்றும் பார்வைக்கு வைத்திருக்கிறது. டிம் பெர்னர்ஸ்-லீ 1991-ல் உலகுக்குத் திறந்துவிட்டது. வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்து, நடுநடுவே இணைப்புகள், படம் ஒன்றுகூடக் கிடையாது. வலது பொத்தானை அழுத்தி ‘வியூ சோர்ஸ்’ கேட்டால் மொத்தமும் ஓரிரு திரைகளுக்குள் அடங்கிவிடுகிறது. மேலே ‘நெக்ஸ்ட்-ஐடி’ என்று ஒரு டேக், பக்கத்தில் 55 என்று ஓர் எண். அவர் வைத்திருந்த நெக்ஸ்ட் கணினியின் எடிட்டர், இணைப்புகளுக்கு எண் கொடுப்பதற்காகத் தனக்குத்தானே எழுதிக்கொண்ட குறிப்பு அது. திறந்த பத்திகளை அவர் மூடவில்லை. இன்றைய குரோம் அதையெல்லாம் பெரிதுபடுத்தாமல் பக்கத்தைக் காட்டிவிடுகிறது.

அதே வலது பொத்தானை எங்கள் அலுவலகம் சமீபத்தில் வெளியிட்ட பக்கத்தில் அழுத்திப் பார்த்தால் தலைப்புக்கு ஒரு வரி, ஸ்கிரிப்டுக்கு ஒரு வரி, ‘ரூட்’ என்று பெயர் வைத்த வெறும் டிவ் ஒன்று. அவ்வளவுதான். திரையில் பளிச்சென்று தெரிகிற பட்டியலும் வரைபடமும் படிவமும் அதில் எங்கும் இல்லை. அவையெல்லாம் அந்த ஸ்கிரிப்டுக்குள் ஒடுங்கியிருக்கின்றன. ஸ்கிரிப்டைத் திறந்தால் மாறிகளின் பெயர்கள் எல்லாம் ஏ, பி, சி என்று ஓரெழுத்தாகச் சுருக்கப்பட்டு, ஒரே வரியாக, லட்சக்கணக்கான எழுத்துகள். எழுதியவர்களில் நானும் ஒருவன். எந்த இடத்தில் என்ன எழுதினேன் என்று எனக்கே அடையாளம் தெரியாது.

நல்ல வேலைதான். கெட்டிக்காரப் பிள்ளைகள் சேர்ந்து ஒழுங்காகச் செய்தது. ஆனாலும் எனக்கு ஓர் ஏக்கம் உண்டு. கண்ணால் பார்த்த பக்கமும் படித்துப் பார்க்கக் கிடைத்த பக்கமும் ஒன்றாகவே இருந்த ஒரு காலத்தில் நான் இந்தத் தொழிலைக் கற்றேன். அது போய்விட்டது.

எதற்காக ஏங்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழையது எல்லாம் பொன் என்று பேசுகிற ஆள் நான் இல்லை. டேபிளுக்குள் டேபிள், அதற்குள் இன்னொரு டேபிள் என்று அடுக்கிப் பக்கத்தை வடிவமைத்தோம். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இடைவெளி வேண்டுமென்றால், கண்ணுக்குத் தெரியாத ஒரு பிக்ஸல் ஜிஃப் படத்தை இழுத்து நீட்டி அங்கே முட்டுக்கொடுத்தோம். டேவிட் சீகல் 1996-ல் எழுதிய புத்தகம் பரப்பிய தந்திரம் அது. அப்புறம் 2001-ல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 வந்தது. மிதக்கவிட்ட பெட்டிக்கு 10 பிக்ஸல் ஓரம் கொடுத்தால் 20 எடுத்துக்கொள்ளும். பிஎன்ஜி படத்தின் ஒளிபுகும் பகுதியைச் சாம்பல் நிறமாகக் காட்டும். அதைச் சரிக்கட்டவே என் இருபதுகளில் பாதி கழிந்தது. 2017-ல் சிஎஸ்எஸ்-இன் கிரிட் வடிவமைப்பு முறை எல்லா முக்கிய உலாவிகளிலும் வந்து, முன்பு ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டிய வடிவமைப்பை நாலு வரியில் எழுதியபோது எனக்குக் கிட்டத்தட்டக் கண்ணீர் வந்தது. அந்த டேபிள் காலத்துக்கு யாராவது திரும்பக் கூப்பிட்டால் போகமாட்டேன்.

இருந்தாலும், அந்த அவலட்சணமான டேபிள்களை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். அது முக்கியம்.

தஞ்சாவூரில் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. ஒட்டுப்பலகைத் தடுப்பு போட்ட அறைகள், மணிக்கு 25 ரூபாய். ஃபிளாப்பி போட வேண்டுமென்றால் உரிமையாளரிடம் தனியாகக் கேட்க வேண்டும். வைரஸ் வந்துவிடும் என்று அவருக்குப் பயம். கேட்டு வாங்கி, பிடித்த பக்கங்களை ‘சேவ் ஆஸ்’ கொடுத்து எடுத்துக்கொள்வேன். ஒரு பக்கம் 30, 40 கேபிதான் இருக்கும். 1.44 எம்பி ஃபிளாப்பி ஒன்றில் ஒரு வாரத்துக்கான படிப்பு அடங்கிவிடும். வீட்டில் இணைப்பு கிடையாது. விண்டோஸ் 98 போட்ட அசெம்பிள் கணினி மட்டும். நோட்பேடில் திறந்து, ஏதாவது ஓர் எண்ணை மாற்றி, சேமித்து, உலாவியில் எஃப்5 தட்டினால் என்ன மாறுகிறது என்று தெரிந்துவிடும். பிறகு இன்னோர் எண். அடுத்த வீட்டு வாசல் கோலத்தை நின்று பார்த்துப் புள்ளியும் வரிசையும் மனதில் எண்ணிக்கொண்டு வருகிற பெண்கள் எப்படிக் கற்றார்களோ, அப்படித்தான் நாங்களும் கற்றோம். கோலம் போட்டவர் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆட்சேபிக்கவும் மாட்டார்.

சோர்ஸில் மனிதர்களும் இருந்தார்கள். ஆங்கிலத்தில் சின்னச் சின்னக் குறிப்புகள்: இந்த டேபிளைத் தொடாதே, நெட்ஸ்கேப்பில் உடையும் என்று ஒருவர் எழுதியிருப்பார். ஏன் வேலை செய்கிறது என்று தெரியவில்லை, ஆனால் செய்கிறது என்று இன்னொருவர். சுட்டியைத் தொடர்ந்து வால் மாதிரி நட்சத்திரங்கள் ஓடுகிற ஸ்கிரிப்டின் தலையில், ‘தாராளமாக எடுத்துக்கொள், இந்த வரியை மட்டும் நீக்காதே’ என்று எழுதினவரின் பெயரோடு இருக்கும். நான் நீக்கியதில்லை. யாரென்றே தெரியாத அந்த ஆட்கள்தான் என் வாத்தியார்கள். கல்லூரியில் எங்களுக்கு இணையத்துக்கென்று பாடமே இல்லை. கோபால் மொழி இருந்தது.

தமிழ்ப் பக்கங்களில் மட்டும் இந்தக் கற்றல் முதலில் முட்டிக்கொண்டது.

திரையில் அழகாகத் தமிழ் தெரியும். சோர்ஸைத் திறந்தால் தலைக்கு மேலே புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளும் நாணயக் குறிகளும் கலந்து கிடக்கும். பாமினி எழுத்துருவில் செய்த பக்கமாக இருந்தால் ‘அம்மா’ என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று இருக்கும். தமிழ் அங்கே எழுத்துருவில்தான் இருந்தது. கோப்பில் இருந்தது வேறொன்று. ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த வித்தை. பத்திரிகைக்கு ஒரு குறியீடு, நிறுவனத்துக்கு ஒரு குறியீடு. ஒரு தளத்தைப் படிக்க அந்தத் தளத்தின் எழுத்துருவை இறக்கி நிறுவ வேண்டும். பிரவுசிங் சென்டர் உரிமையாளர் அதற்கும் பயப்படுவார். அப்புறம் ‘இயங்கு எழுத்துரு’ வந்தது. பக்கத்தோடு எழுத்துருவும் தானாக இறங்கும். மைக்ரோசாஃப்டுக்கு ஒரு வடிவம், நெட்ஸ்கேப்புக்கு இன்னொரு வடிவம். இரண்டையும் செய்து வைக்கிறவர்கள் குறைவு. ஆகவே தமிழ் படிக்க எக்ஸ்ப்ளோரர்தான் கதி என்று ஆயிற்று.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்’99 மாநாட்டில் டாம், டாப் என்று இரண்டு தரக் குறியீடுகளைப் பரிந்துரைத்தார்கள். வெளிநாடுகளில் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலில் கூடிப் பேசி உருவாக்கிய திஸ்கி ஏற்கெனவே நடமாட்டத்தில் இருந்தது. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் திஸ்கியில் ஏற்றிப் பிற்பாடு யூனிகோடுக்கு மாற்றியது. எல்லாம் சம்பளம் இல்லாத உழைப்பு. இதை எழுதும்போதும் அவர்களை நினைத்தால் மரியாதை வருகிறது.

சோர்ஸில் தெரிந்த அந்தக் குப்பைதான் எனக்கு முதல் உருப்படியான நிரலை எழுதக் கொடுத்தது. பழைய குறியீட்டில் இருக்கும் தமிழை யூனிகோடுக்கு மாற்றும் நிரல். கேட்டால் சுலபம் என்று தோன்றும்: இந்த எண்ணுக்கு இந்த எழுத்து என்று ஓர் அட்டவணை போட்டால் போதாதா? போதாது. பழைய குறியீடுகள் கை எழுதுகிற வரிசையில் இருந்தன. ‘கொடி’ என்று எழுதக் கொம்பு முதலில், பிறகு க, பிறகு கால். யூனிகோடு ஒலிக்கிற வரிசையில் க முதலில் வைத்து, ஒகரக் குறியை ஒன்றாகப் பின்னால் வைக்கும். ஆகவே கொம்பைத் தூக்கி மெய்க்குப் பின்னால் நகர்த்தி, கால் வருகிறதா என்று எட்டிப் பார்த்து, வந்தால் இரண்டையும் சேர்க்க வேண்டும்.

அதுகூடப் பரவாயில்லை. ஔகாரம்தான் ஆளைக் கொன்றது. பல எழுத்துருக்களில் ஔகாரத்தின் பின்பாதிக்கென்று தனிக் குறி கிடையாது, ள-வையே போட்டுக்கொள்வார்கள். கொம்பு, ம, ள, ன, ம், அது ‘மௌனம்’. ஆனால் கொம்பு, வ, ள, இகரக் குறி, அது ‘வெளி’. கண்ணை மூடிக்கொண்டு கொம்புக்கும் ள-வுக்கும் நடுவில் இருப்பதை எல்லாம் ஔ ஆக்கினால், வெளியீட்டில் ஔ வந்து உட்கார்ந்துகொண்டு இகரக் குறி தனியாகத் தொங்கும். வெள்ளியும் தெளிவும் அப்படியே உடையும். பழைய கோப்புகளிலிருந்து அவசரமாக மாற்றிய கட்டுரைகளில் இன்றும் அந்தத் தழும்புகளைப் பார்க்கலாம். வாசகர்கள் அதை எழுத்துப் பிழை என்று நினைக்கிறார்கள். பாவம், தட்டச்சு செய்தவர் சரியாகத்தான் செய்திருப்பார். ள-வுக்கு அடுத்து புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது ள-தான், வராவிட்டால் பெரும்பாலும் ஔ என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். இன்னும் அந்த விதி ஓடுகிறது.

யூனிகோடு வந்ததும் ஊரே கொண்டாடியது என்று நினைக்க வேண்டாம். திஸ்கியில் ஒரு வடிவத்துக்கு ஒரு பைட். யூடிஎஃப்-8-ல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். டயல்-அப் இணைப்பில் நிமிஷத்துக்குக் காசு கொடுத்தவர்களுக்கு அது சும்மா பேச்சல்ல. விண்டோஸ் 98-ல் வெறும் கட்டங்களாகத் தெரியும். எக்ஸ்பி-யில் கன்ட்ரோல் பேனலுக்குள் போய் ஒரு தேர்வைச் செய்தால் ‘எக்ஸ்பி சிடியைப் போடு’ என்று கேட்கும். யாரிடம் இருந்தது சிடி?

இந்த விஷயத்தில் மட்டும் புதிய கருவிகளைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஜாவாஸ்கிரிப்டிடம் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன என்று கேட்டால் 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. தமிழ் படித்த குழந்தை 3 என்று சொல்லும். வார்த்தை விளையாட்டு, எழுத்துக் கட்டுப்பாடுள்ள படிவம் எதைச் செய்தாலும் இந்த வித்தியாசத்துக்காக நாங்களே நிரல் எழுதி முட்டிக்கொண்டிருந்தோம். இப்போது ‘இன்டில் செக்மென்டர்’ என்று உலாவியிலேயே ஒன்று இருக்கிறது. எழுத்தை எழுத்தாகவே எண்ணித் தருகிறது. குரோமில் 2020-லேயே வந்தது, ஃபயர்ஃபாக்ஸில் 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நோட்டோ சான்ஸ் தமிழை ஒரே வரியில் இணைக்கலாம். இன்று தமிழ்ப் பக்கத்தின் சோர்ஸைத் திறந்தால் தமிழே தெரியும்.

தெரியும் என்றா சொன்னேன்? டிவ் காலியாக இல்லாவிட்டால் தெரியும்.

நடுவில் ஒரு பொற்காலம் இருந்தது, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2006-ல் ஜான் ரெஸிக் ஜேக்வெரியைக் கொண்டுவந்தார். அதே ஆண்டு ஜோ ஹெவிட்டின் ஃபயர்பக் வந்தது. உலாவிக்கு உலாவி வேறுபாட்டை முதலாவது மறைத்தது, பக்கத்தின் உள்ளுறுப்புகளை இரண்டாவது காட்டியது. ஒரே ஒரு ஸ்கிரிப்ட் கோப்பை இணைத்தால் போதும். எஃப்டிபி-யில் இழுத்துப் போட்டால் தளம் மாறிவிடும். வாடிக்கையாளர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே விலைப்பட்டியலைத் திருத்தி, ‘இப்ப ரெஃப்ரெஷ் பண்ணிப் பாருங்க சார்’ என்று சொன்ன சுகம் இருக்கிறதே, அதை எந்தப் பைப்லைனும் எனக்குத் தரவில்லை. (குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2021-ல் எஃப்டிபி ஆதரவையே எடுத்துவிட்டன. பாதுகாப்புக்கு அது சரிதான். கடவுச்சொல்லை அப்படியே ஊர் பார்க்க அனுப்புகிற வழி அது.)

பிறகு 2009-ல் நோட் வந்தது, அடுத்து என்பிஎம், 2013-ல் ரியாக்ட், வெப்பேக், பேபல். ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருந்தது. ஒரே திரையில் நூறு விஷயம் மாறுகிற பயன்பாட்டை ஜேக்வெரியில் எழுதிப் பராமரித்தவனுக்கு ரியாக்ட் ஏன் வென்றது என்று விளக்க வேண்டியதில்லை. டைப்ஸ்கிரிப்ட் எனக்கு உண்மையிலேயே பிடிக்கும். ராத்திரி பத்து மணிக்கு வாடிக்கையாளர் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கக்கூடிய தவறை மத்தியானமே சிவப்புக் கோடு போட்டுக் காட்டிவிடுகிறது. டெயில்விண்ட் பற்றி மட்டும் வாயைத் திறக்காமல் இருக்கப் பார்க்கிறேன். ஒரு பொத்தானுக்கு இருபது கிளாஸ் பெயர்களை வரிசையாகப் பார்க்கும்போது, ஃபான்ட் டேக்குகளை ஒழிக்க நாங்கள் பட்ட பாடு நினைவுக்கு வருகிறது. ஆனால் அதில் வேலை வேகமாக முடிகிறது, அதையும் மறுக்க முடியாது.

வந்த கருவிகளில் பழுது ஒன்றும் பெரிதாக இல்லை. அவை எனக்கும் வாசகருக்கும் நடுவில் அடுக்கடுக்காக வந்து உட்கார்ந்துகொண்டதுதான் சங்கடம். நான் எழுதுவதை உலாவி படிப்பதில்லை. உலாவி படிப்பதை யாரும் எழுதவில்லை. புதிய புராஜெக்ட் ஒன்றைத் தொடங்கி, ஒரு வரிகூட எழுதுவதற்கு முன் ‘நோட் மாட்யூல்ஸ்’ கோப்புறையைத் திறந்து பார்த்தால் நூற்றுக்கணக்கில் பொதிகள். யார் எழுதியவை, எதற்கு என்று முழுக்கப் படித்தவர் எங்கள் குழுவில் எவரும் இல்லை. 2016 மார்ச்சில் ‘லெஃப்ட்-பேட்’ என்ற 11 வரிப் பொதியை அதை எழுதியவர் கோபத்தில் என்பிஎம்-மிலிருந்து எடுத்துவிட்டார். ஒரு சொல்லுக்கு இடப்பக்கம் இடைவெளி நிரப்புகிற வேலை, அவ்வளவுதான். அன்றைக்கு உலகெங்கும் பில்டுகள் உடைந்தன. பேபலும் ரியாக்டும் சங்கிலியில் எங்கோ அதன்மேல் சாய்ந்துகொண்டிருந்தன. அந்த 11 வரியை யார் வேண்டுமானாலும் ஐந்து நிமிஷத்தில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை என்பதைவிட, அது தங்கள் வீட்டுக்குள் இருந்ததே பலருக்குத் தெரியாது.

எடையும் அப்படியே ஏறியது. ஹெச்டிடிபி ஆர்க்கைவ் 2022-ல் எடுத்த கணக்கில் டெஸ்க்டாப் பக்கங்களின் இடைநிலை எடை சுமார் 2.3 எம்பி. பாதிப் பக்கங்கள் அதைவிடக் கனம். என் பழைய ஃபிளாப்பியில் ஒரு பக்கம்கூட அடங்காது. 56கே மோடம் தன் முழு வேகத்தில் ஓடினாலும் அதை இறக்க ஐந்தரை நிமிஷம் ஆகும். முழு வேகத்தில் அது ஓடி நான் பார்த்ததில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எல்லாக் கோப்புகளையும் ஒன்றாகக் கட்டுகிற வெப்பேக் பெரிதாகப் பெரிதாக, ஒரு வரியை மாற்றிவிட்டு அது கட்டி முடிக்கும்வரை டீ குடித்துவிட்டு வரலாம் என்று ஆயிற்று. 2020-ல் ஈவன் யூ ‘வீட்’ என்ற கருவியைக் கொண்டுவந்தார். அதன் வேகத்துக்கு முக்கியமான ரகசியம் என்னவென்றால், நாம் எழுதிக்கொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டாமல், கோப்புகளைத் தனித்தனியாக உலாவியிடமே கொடுத்துப் படிக்கச் சொல்வது. சேமித்தால் உடனே திரையில் மாறுகிறது. முதல்முறை அதைப் பார்த்த இளைஞர்கள் வியந்தார்கள். எனக்கு நோட்பேடும் எஃப்5-ம் ஞாபகம் வந்தன. வெளியிடும்போது மட்டும் பழையபடி எல்லாம் பிசைந்து ஒன்றாகிவிடும்.

அதைவிட வேடிக்கை, இந்தக் கருவிகள் எதுவும் இல்லாமலே உலாவி இன்று எவ்வளவோ செய்கிறது. ஜேக்வெரிக்காக ஏங்கிய வேலைகளை இப்போது வெறும் ஜாவாஸ்கிரிப்டே செய்யும். சிஎஸ்எஸ்-ல் விதிக்குள் விதி எழுதலாம். பெற்றோரைப் பிள்ளையை வைத்துத் தேர்ந்தெடுக்கலாம். முப்பது வருஷத்தில் ஒரு நோட்பேடுக்கு இவ்வளவு பலம் இருந்ததே இல்லை. யாரும் நோட்பேடில் எழுதுவதில்லை.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, நான் ஒரு சின்ன உள்பயன்பாட்டுப் பக்கத்தை இந்தக் கருவிகள் இல்லாமல் எழுதியதைப் பார்த்துவிட்டு வந்து நின்றாள்.

“அண்ணா, இதுல பில்ட் எங்க இருக்கு?”

“பில்ட் இல்லம்மா.”

“அப்ப டிப்ளாய் எப்படி?”

“ஃபைலை அங்க காப்பி பண்ணிட்டா முடிஞ்சுது.”

“அவ்ளோதானா?”

கொஞ்ச நேரம் யோசித்தாள். நான் அவள் வியக்கப்போகிறாள் என்று எதிர்பார்த்தேன்.

“ரெண்டு பேரு ஒரே நேரத்துல மாத்தினா என்ன ஆகும்? முந்தின வெர்ஷன் வேணும்னா? டெஸ்ட் எங்க ஓடும்?”

எல்லாம் சரியான கேள்வி. அன்று எங்களிடம் இவை எதற்கும் பதில் இல்லை. பழைய கோப்பின் பெயரோடு ‘ஓல்ட்’ என்று சேர்த்து வைப்போம், பிறகு ‘ஓல்ட் 2’. ஏக்கம் வந்தால் இதையெல்லாம் மறந்துபோகிற வசதியும் கூடவே வந்துவிடுகிறது.

ஆனால் அவளுக்கு நான் காட்டியது வேறு ஒன்று. 2000-க்குப் பக்கத்தில் வெளிவந்த தமிழ்ப் பக்கம் ஒன்று, இணைய ஆவணக் காப்பகத்தில் சேமிக்கப்பட்டது. திறந்தால் முழுக்கப் புரியாத குறிகள், ஏனென்றால் அந்த எழுத்துரு இன்று எந்தக் கணினியிலும் இல்லை. ‘போச்சே’ என்றாள். சோர்ஸை எடுத்து என் பழைய நிரலுக்குள் ஊட்டினேன். ஒரு நொடியில் தமிழாகி வந்தது. ஒரு ஊர்க் கோயில் திருவிழா பற்றிய கட்டுரை. யாரோ ஒரு வெளிநாட்டுவாசி, தன் ஊரை நினைத்து எழுதியது. ஒரு எழுத்துகூடத் தொலையவில்லை. அப்புறம் பத்து வருஷத்துக்குப் பிந்தைய பக்கம் ஒன்றைத் திறந்தேன். வெள்ளையாக வந்தது. சோர்ஸில் காலி டிவ். உள்ளடக்கம் வேறொரு சர்வரிலிருந்து அப்போதைக்கப்போது வந்து நிரம்பியது, அந்த சர்வர் இப்போது இல்லை. இதில் மாற்றுவதற்கு எந்த நிரலுக்கும் ஒன்றும் இல்லை.

ஜியோசிட்டீஸை 2009 அக்டோபரில் மூடினார்கள். மஞ்சள் பின்னணியில் பச்சை எழுத்தும் ஓடுகிற செய்திப் பட்டையுமாக எத்தனையோ பேரின் முதல் பக்கங்கள் அங்கே இருந்தன, தமிழ்ப் பக்கங்களும் உண்டு. அதைக் காப்பாற்ற முனைந்த தன்னார்வலர்களால் பெரும்பகுதியை அள்ளி வைக்க முடிந்தது, ஏனென்றால் அவை வெறும் கோப்புகள். அள்ளினால் வரும். இன்று ஒரு தளம் மூடினால் எதை அள்ளுவது?

எங்கள் நிறுவனத்திலேயே நாலு வருஷத்துக்கு முந்தைய புராஜெக்டை மறுபடி ஓட்ட நேர்ந்தது. நோட் பதிப்பு ஒத்துவரவில்லை. அதை மாற்றினால் சாஸ் பொதி பைத்தானைத் தேடியது. அதைக் கொடுத்தால் வேறொன்று கைவிரித்தது. கடைசியில் செயற்கை அறிவிடம் ஒப்படைத்தோம், அது பாதியைத் திருத்தி எழுதி ஓடவைத்தது. அதன் உதவி எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. இன்றைய இளைஞர்களுக்கு அடுத்தவர் பக்கத்தைத் திறந்து பார்க்கத் தேவையே இல்லை, கேட்டால் எழுதித் தருகிறது. அது எங்கே கற்றது என்று யோசித்தால், திறந்து கிடந்த பக்கங்களிலும் கோப்புகளிலும்தான் பெரும்பாலும் கற்றிருக்கும். வாத்தியார்களின் பெயர் வரி மட்டும் அதில் இல்லை.

குழுக் கூட்டத்தில் ஒரு கோரிக்கை வைத்தேன். சோர்ஸ் மேப் என்று ஒரு வசதி இருக்கிறது. பிசைந்த ஸ்கிரிப்டோடு அதையும் வெளியிட்டால், ஆர்வமுள்ளவர் உலாவியில் நாங்கள் எழுதிய மூல வடிவத்தையே, மாறிகளின் உண்மைப் பெயரோடு, படித்துப் பார்க்கலாம். பொதுமக்களுக்கான உதவிப் பக்கங்களுக்கு மட்டுமாவது அதைத் திறந்து வைக்கலாமா என்று கேட்டேன். பாதுகாப்புப் பிரிவு மறுத்துவிட்டது. எதிர்பார்த்ததுதான். சரி, சோர்ஸைத் திறக்கிறவர்களுக்கு ஒரு வரி வணக்கமாவது எழுதலாம் என்று தமிழில் ஒரு குறிப்பு வைத்தேன். பில்ட் முடிந்து பார்த்தால் காணோம். குறிப்புகளையெல்லாம் எடை என்று கருதி மினிஃபையர் வழித்து எறிந்துவிடும்.

அந்தப் பெண்தான் வழி சொன்னாள். குறிப்பின் தொடக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி போட்டால், அது பதிப்புரிமை அறிவிப்பு என்று எடுத்துக்கொண்டு மினிஃபையர் தொடாமல் விட்டுவிடுமாம். போட்டோம். பாதுகாப்புப் பிரிவு இன்னும் பார்க்கவில்லை.